பிள்ளைக்குரிய தாயம்



வைகாசிப் பௌர்ணமியை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையன்று, மூணாற்றுக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து முற்றத்தில், சிகாலோவாத சுத்தத்தைப் பாடமாக நடத்தினேன். கொழிஞ்சாம்பாறையினின்று விடியுமுன் புறப்பட்டு, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் எனப் பேருந்து மாறிச் செல்வோர்க்கு அங்குச் சேரவே பாதிப் பகல் கழிந்துவிடும். வந்திருந்தோர் இருபதின்மர், அவருள் பெரும்பாலோர் கொழுந்து கிள்ளும் தாய்மார். பெற்றோர் தம் மக்களுக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் ஐந்து எனப் பகவான் வகுத்ததை ஒவ்வொன்றாக விளக்கி, இறுதிக் கடமையாகிய, தாயத்தை உரிய காலத்தில் ஒப்படைத்தல் என்பதில் வந்து நின்றேன்.

அப்போது ஓர் அம்மையார் எழுந்து கேட்டார்: "ஐயா, முதல் நான்கும் சரி. ஐந்தாவது எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? இந்த வீடு கம்பெனி வீடு. நிற்கிற மண்ணும் கம்பெனி மண். இன்னும் மூன்று வருஷத்தில் எனக்கு ஐம்பத்தெட்டு ஆகும். அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். என் மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். அவள் கூடையை மாட்டினால் வீடு நிற்கும், படிக்கப் போனால் வீடு போகும். இதில் எந்தத் தாயத்தை நான் அவளுக்குக் கொடுப்பது?"

நான் சற்றும் தயங்காமல், "அறமே தாயம் அம்மா" என்றேன்.

"அறத்துக்குக் கூரை உண்டா ஐயா?" என்றார் அவர். கூடியிருந்தோர் சிரித்தனர். யானும் சிரித்தேன். ஆயினும் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை. போதகன் ஒருவன் விரைந்து விடை சொல்வானாயின், அவன் கேள்வியைக் கேட்கவில்லை என்பதே பொருள். ஆகவே இப்பாடத்தை மீண்டும் முதலிலிருந்து படிக்கலானேன். படித்ததை ஈண்டு எழுதுகின்றேன்.

சிகாலோவாத சுத்தம் தீக நிகாயத்தின் 31ஆம் சுத்தம். இல்லறத்தார்க்குரிய ஒழுக்கம் முழுவதும் ஓரிடத்தில் திரட்டிக் கூறப்பட்டது இதில்தான். இராசகிருகத்து வேளுவனத்தில் ததாகதர் தங்கியிருந்தபோது, ஒருநாட் காலை, சிகாலன் என்னும் இல்லறத்தான் மகன் ஈர ஆடையும் ஈரத் தலையுமாக நின்று ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழுவதைக் கண்டார். ஏன் இவ்வாறு செய்கிறாய் என வினவினார். தந்தை இறக்கும்போது திசைகளைத் தொழு என்று சொல்லிச் சென்றார், அதனால் தொழுகின்றேன் என்றான் அவன். திசை என்பது இன்னதென அறியாமலே தொழுது வந்தான்.

நம்மவர் பலர் இவ்விடத்தை விரைவாகக் கடந்து, கிழக்குத் திசை தாய் தந்தையர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை ஏவலாளர், மேல்திசை துறவோர் என்ற பட்டியலுக்குச் சென்றுவிடுகின்றனர். யான் இம்முறை சிகாலனிடத்திலேயே நின்றேன். அவனும் தாயம் பெற்றவனல்லனோ? தந்தை விட்டுச் சென்றது ஒரு சொல். அதுவும் மரணப் படுக்கையில், பொருள் சொல்லாமல். உரிய காலத்தில் ஒப்படைத்தல் என்று பகவான் பின்னர்க் கூறும்போது, எதிரே ஈர ஆடையுடன் நின்றவன், காலங்கடந்து தாயம் பெற்ற மகன். இதை நோக்கினால் ஐந்தாம் கடமையில் 'உரிய காலம்' என்னும் தொடரே கனமுடையதென்பது விளங்கும்.

ஐந்து கடமைகளையும் சுருங்கச் சொல்வேன். தீமையினின்று விலக்குதல், நன்மையில் நிறுத்துதல், தொழிற்கல்வி அளித்தல், தகுந்த துணையைச் சேர்த்தல், தாயத்தை உரிய காலத்தில் கொடுத்தல். முதலிரண்டுக்கும் பிள்ளையின் பக்கத்தில் பெற்றோர் இருத்தல் வேண்டும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பொருள் வேண்டும். ஐந்தாவதற்கு உடைமை வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இம்மூன்றும் அரியன. அம்மையாரின் கேள்வி ஐந்தாவதைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் அது ஐந்தையும் தொட்ட கேள்வி.

லயத்து வாழ்க்கையை அறியாத அன்பர்களுக்காக ஒரு சிறிது கூறுகின்றேன். கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாற்றுத் தம்பிரான் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தது 1877இல். அதன்பின் கங்காணிமார் வழியே தென்தமிழ் மாவட்டங்களினின்று அழைத்து வரப்பட்டோரின் நான்காம் தலைமுறையும் ஐந்தாம் தலைமுறையும் இன்று அங்கு வாழ்கின்றன. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகளே லயம். வீடு வேலைக்குக் கட்டுண்டது. வேலை முடிந்தால் வீடும் முடியும். ஆகையால் தாய் ஓய்வு பெறும்போது மகனோ மகளோ மருமகளோ பெயர் கொடுத்து வேலையில் நுழைந்தாலன்றிக் குடும்பம் தெருவில் நிற்க நேரும். நிலமுடையவன் மகனுக்கு நிலத்தைத் தருகின்றான். இவர்கள் கூடையைத் தருகின்றனர். கூடையும் ஒரு தாயமே. ஆனால் பெற்றவரை அவ்விடத்திலேயே கட்டி வைக்கும் தாயம்.

முதலிரண்டு கடமைகளும் இங்கே எங்ஙனம் நடைபெறுகின்றன? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைத்தல் வேண்டுமென விதித்தது. பால்குடி மறவாத பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, தாய் வேலையினிடையே நாளைக்கு இருமுறை சென்று பாலூட்டிவர உரிமை தந்தது 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம். இவை நல்ல ஏற்பாடுகள்; போராடிப் பெற்றவை. ஆயினும் காலை மலையேறும் தாய் பிள்ளையை ஆயாவின் கையில் விட்டால், அதனை அமைதியாக முகம் பார்த்துப் பேசுவது விளக்கு வைத்தபின் இரண்டு நாழிகை நேரமே. ஆலையில் மூன்று ஷிப்டு பார்த்த எங்கள் நிலையும் அதுவே. என் மகள் இரண்டாம் வகுப்பில் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்தாள். அதில் அவள் தாய் சமைத்துக் கொண்டிருந்தாள், தம்பி விளையாடிக் கொண்டிருந்தான், யான் படுத்து உறங்கிக் கொண்டிருந்தேன். அவள் கண்டதைத்தானே வரைவாள்.

நிற்க. என் தந்தை எனக்களித்த தாயத்தைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருளை மேலே கொண்டு செல்லல் நேர்மையாகாது.

அவர் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்து நூற்பாலையொன்றில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிலேயே மூச்சுக்குழல் முழுவதும் பஞ்சு. படியேறினால் இருமுவார். தமக்குப் பதிலாக மகனைச் சேர்த்துக்கொள்ள ஆலையில் ஒப்பினர். அது 1983, எனக்கு வயது 14. ஆலை வாயிலில் என் தோளைப் பற்றிக்கொண்டு, "யார் கேட்டாலும் பதினெட்டு என்று சொல்" என்றார். சொன்னேன். பல்லைப் பார்த்த மருத்துவரும் பதினெட்டு என்றே எழுதினார். அன்று மாலை ஐயா எனக்குப் பொரி கடலை வாங்கித் தந்தார். அப்பொட்டலத்தின் சூடு இன்னும் கையிலிருக்கிறது.

அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது அவ்விடம் ஒன்றே. ஆனால் பதிவேட்டில் ஏறிய அந்தப் பொய் என்னுடன் நாற்பதாண்டு நடந்து வந்தது. 2023இல் ஏட்டின்படி எனக்கு 58 ஆயிற்று, ஓய்வு என்றனர். உண்மையில் வயது 54. திருத்தக் கேட்டேன். நீரே கையொப்பமிட்டது என்று காட்டினர். ஆம், யானே இட்டது. நான்காண்டுக் கூலியும், ஆண்டொன்றுக்கு 15 நாட்கூலி வீதம் அந்நான்கு ஆண்டுகளுக்குரிய பணிக்கொடையும் போயின. போதகனாவதற்கு நான்காண்டு முன்னதாகவே ஓய்வு கிடைத்ததென நண்பர் ஒருவர் தேற்றினார். அவர் நல்லவர், அவருக்குக் கடன் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஐயா இறந்த பதினாறாம் நாள் ஒருவர் வந்து, என் தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடனின் சீட்டை நீட்டினார். வட்டி முதலினும் பெரிதாக வளர்ந்திருந்தது. அக்கடனை ஐயா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளை மனம் வருந்தக் கூடாதென மறைத்தார். சிகாலனுக்குக் கிடைத்தது பொருள் விளங்காத ஒரு சொல். எனக்குக் கிடைத்தது தொகை விளங்காத ஒரு சீட்டு. இரண்டும் காலங்கடந்து வந்தன.

இனி, இராகுலனைப் பார்ப்போம். பௌத்த நூல்களில் தாயம் கேட்டு வந்த பிள்ளை அவனே.

ஞானம் பெற்றபின் ததாகதர் கபிலவஸ்துவுக்கு வந்த செய்தி வினய பிடகத்து மகாவக்கத்தில் உள்ளது. இராகுலனின் தாய் மகனை அழைத்து, அவரே உன் தந்தை, சென்று தாயத்தைக் கேள் என அனுப்பினாள். சிறுவன் சென்று அவர்முன் நின்றான். உமது நிழல் இனிதாயிருக்கிறது என்றான். எழுந்து நடந்த அவர் பின்னே தாயம் தாயம் எனக் கேட்டவாறே தொடர்ந்தான். அரச மகன் கேட்டது அரண்மனைச் செல்வம். பகவான் சாரிபுத்தரை நோக்கி, இவனைத் துறவில் சேர்த்துக்கொள் என்றார்.

இந்நிகழ்ச்சியைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் யான் அடுத்த வரியில்தான் தடுக்கி நிற்பேன். பாட்டனார் சுத்தோதனர் வந்து அழுதார். மகன் சென்றபோது பட்ட துயரம் போதாதென்று பேரனும் சென்றானே என்றார். இனிப் பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளையையும் துறவில் சேர்த்தலாகாது என வேண்டினார். பகவான் அதனை ஏற்று விதியாக்கினார். அக்கிழவரின் கண்ணீரை நூல் மறைக்கவில்லை. பெற்றோர் மனத்துக்கு மதிப்புண்டு என்பதைத் ததாகதரே ஒப்பிய இடம் இது. பிள்ளையைப் படிக்க அனுப்ப அஞ்சும் தாயைக் கண்டு எள்ளி நகையாடும் கல்விமான்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

ஆனால் இராகுலன் பெற்ற தாயம் என்ன? காவியாடை என்பர் சிலர். யான் அங்ஙனம் கருதேன். அவனுக்கு அளிக்கப்பட்டதன் முதற்பகுதி மச்சிம நிகாயத்தின் 61ஆம் சுத்தத்தில் உள்ளது. அம்பலட்டிகை என்னுமிடத்தில் இராகுலன் தங்கியிருந்தான். வயது 7 என்பர் உரையாசிரியர். ததாகதர் வந்தார். சிறுவன் இருக்கையும் கால் கழுவ நீரும் வைத்தான். அவர் கால் கழுவி, கலத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்து அதனைக் காட்டினார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் துறவின் தன்மை இவ்வளவே எஞ்சும் என்றார். பின் அந்நீரைக் கொட்டினார். பின் கலத்தைக் கவிழ்த்தார். பின் நிமிர்த்தி வெறுமையைக் காட்டினார். விளையாட்டுக்கும் பொய் சொல்லேன் என்று பழகு என முடித்தார். அதன்பின் கண்ணாடியைச் சுட்டி, செய்வதற்கு முன்னும் செய்யும்போதும் செய்தபின்னும் நினைத்துப் பார் என்றார். அசோக மன்னர் பைராட்டுக் கல்லில் பொறித்த சாசனத்தில், துறவியரும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டியவை எனத் தேர்ந்த சிலவற்றுள், பொய்யைக் குறித்து இராகுலனுக்குக் கூறிய அறிவுரையும் ஒன்று.

இப்பாடத்தைக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள சிற்றூரொன்றில், ஞாயிறுதோறும் கூடும் சிறுவர் வகுப்பில், செம்பு நீரை வைத்து நடித்துக் காட்டினேன். நீரைத் தரையிற் கொட்டியதும் ஒரு சிறுமி, "ஐயா, தண்ணியைக் கொட்டாதீங்க, குழாயில இனி நாளன்னைக்குத்தான் வரும்" என்றாள். மழை மறைவான அப்பகுதியில் நீரின் விலை அக்குழந்தைக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாயிற்று. அதுமுதல் செம்பு நீரை முருங்கைக் கன்றின் அடியில் கொட்டியே பாடம் நடத்துகின்றேன்.

நூற்றுக்கணக்கான அறங்களுள், ஏழு வயதுப் பிள்ளைக்கு முதன்முதல் உண்மையையே ததாகதர் ஏன் எடுத்தார்? பொருளில்லாத தந்தை தாயர்க்கு இதற்கான விடை மிகவும் வேண்டியது. அரண்மனையைத் துறந்தவரிடம் கொடுக்க உடைமை ஏதுமில்லை. உடைமையில்லாதவர் பிள்ளைக்குக் காலத்தில் கொடுக்கக்கூடியது, உள்ளதை உள்ளவாறு அறிவித்தல். வீடு எந்நாள் வரை நம்முடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, நம்மை ஊர் எப்படி நடத்துகிறது, ஏன் அப்படி நடத்துகிறது: இவற்றை அறிந்த பிள்ளை தன் வழியைத் தானே ஆராயும். அறியாத பிள்ளை, யான் செய்தது போல, பிறர் சொல்லிக்கொடுத்த வயதைச் சொல்லிக்கொண்டு வாழும்.

ஊர் நம்மை நடத்தும் முறையைப் பற்றி ஒரு சொல். முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், தேநீர்க் கடையிலும் குடிநீர் பிடிக்குமிடத்திலும் சக்கிலியர் வேறுபடுத்தப்படுகின்றனர் என்ற செய்தி 2017இல் கேரளமெங்கும் பேசப்பட்டது. இத்தகைய ஊர்களில் வளரும் பிள்ளை, எனக்கு மட்டும் ஏன் வேறு தம்ளர் என்று ஒருநாள் கேட்கும். வாயை மூடு என்று அதட்டும் தந்தையும், நாம் அப்படித்தான் என்று தலைகுனியும் தாயும் அறியாமலே ஒரு தாயத்தை ஒப்படைக்கின்றனர். சாதியைப் போலத் தவறாமல் காலத்தில் கைமாறும் சொத்து இந்நாட்டில் வேறில்லை. அது தவறு, செய்பவர் தவறு, உன்னிடத்தில் குறையில்லை என்று அன்றே, அந்தத் தேநீர்க் கடை வாயிலிலேயே சொல்லல் வேண்டும்.

பள்ளிப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தைப் பற்றியும் நம்மவர் கேட்பதுண்டு. பட்டியல் வகுப்பினருக்குரிய 1950ஆம் ஆண்டு ஆணையில் 1990இல் திருத்தம் செய்யப்பட்டுப் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். ஆகவே பௌத்தன் என்று எழுதினால் அவ்வுரிமை போய்விடும் என்ற பழைய அச்சத்துக்கு இடமில்லை. வீட்டில் திரிசரணம் சொல்லிவிட்டுப் பள்ளியில் வேறொன்றை எழுதும் பெற்றோர், இராகுலனின் கலத்தை ஒவ்வோராண்டும் சிறிது சாய்க்கின்றனர். இதை யான் கடிந்து சொல்லவில்லை. பதினெட்டு என்று சொன்னவன் கடிந்து சொல்லலாகாது.

இனி அம்மையாரின் கூரைக்கு வருகின்றேன்.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் பெண்கள் அமர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். போனஸ் 20 விழுக்காட்டினின்று 10 ஆகக் குறைக்கப்பட்டது. நாட்கூலி அப்போது 232 ரூபாய். ஆயிரக்கணக்கான கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆண் தலைவர்களைத் தள்ளி வைத்துவிட்டு, தாங்களே ஒன்பது நாள் நின்று, 20 விழுக்காட்டைப் பெற்றனர். பொம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போது எழுந்தது. அக்டோபரில் நாட்கூலி 301 ஆயிற்று. அவர்கள் பேச்சில் கூலியுடன் கூடவே எழுந்தது பிள்ளைகளின் படிப்பு. கூடை நம்மோடு போகட்டும் என்ற எண்ணம். கொடுக்கத் தக்கது எது, கொடுக்கத் தகாதது எது எனத் தாய்மார் பிரித்தறிந்த நாட்கள் அவை என்பது என் கருத்து. அதன்பின் அவ்வொற்றுமை சிதறியது உண்மை. ஆயினும் தாய் சாலையில் அமர்ந்ததைக் கண்ட பிள்ளைகள் அதனை மறந்திரார்.

சுத்தத்தின் கீழ்த்திசையையும் இங்கே படித்தல் வேண்டும். வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பேணல், நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்தல், காலத்தில் ஓய்வு என்று வேலை வாங்குவோர்க்கும் ஐந்து கடமைகளை அதே மூச்சில் ததாகதர் வகுத்தார். பெற்றோரின் ஐந்தை மட்டும் ஏழைகளிடம் ஓதிவிட்டு இவ்வைந்தை விழுங்கிவிடும் போதகர் பாதிச் சுத்தமே படித்தவர். கூலியும் ஓய்வும் கிட்டாத தாயிடம் பிள்ளையைப் பக்கத்திலிருந்து வளர் என்பது பரிகாசம்.

பெட்டிமுடியையும் சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இரவிகுளத்துக்கு அப்பால், மழையில் மலை சரிந்து லய வரிசைகளை மூடிற்று. எழுபது உயிர்கள் போயின. மின்சாரமும் தொலைபேசியும் அற்ற அம்மலையினின்று செய்தி வெளியே வந்தது மறுநாட் காலையில். பள்ளிகள் பெருந்தொற்றால் மூடியிருந்த காலம் அது. பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். தப்பியோர் சிலருக்குப் பின்னர்க் குற்றியார்வாலியில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. கூரை அநித்தியம் என்று போதிக்க இதனைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கொடுமை. பிள்ளையின் படிப்பை விற்று நாம் காத்துக்கொள்ள நினைக்கும் அவ்வீடு எத்தகைய மண்ணில் நிற்கிறது என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கின்றேன்.

பிள்ளை வளர்ப்பின் பயனைப் பற்றிக் கேட்போர்க்கு அநாதபிண்டிகரின் மகன் காலனின் கதையைச் சொல்வதுண்டு. தம்மபத உரையில் வருவது. தந்தை ஜேதவனத்தையே தானமாக அளித்தவர். மகனோ விகாரைப் பக்கம் எட்டிப் பாரான். தந்தை என்ன செய்தார்? உபோசத நாளில் சென்று வந்தால் நூறு காசு தருவதாகக் கூறினார். மகன் போனான், ஓர் ஓரத்தில் சுகமாக உறங்கிவிட்டு வந்து, காசைக் கொடுத்தாலன்றி உண்ணேன் என்றான். தந்தை சினக்கவில்லை. அடுத்து, பகவானிடம் ஒரேயொரு பாட்டைக் கற்று வந்தால் ஆயிரம் என்றார். கற்க முயன்ற மகன் மனத்தில் அது தங்கவில்லை. மீண்டும் கேட்டான், மீண்டும் கேட்டான். கேட்கக் கேட்கப் பொருள் உள்ளே சென்று சோதாபன்னனானான். மறுநாள் பகவான் முன்னிலையில் தந்தை ஆயிரம் காசை நீட்டியபோது மகன் நாணி மறுத்தான். காசு காட்டிப் பிள்ளையைக் கற்பிக்கலாமா எனச் சிலர் இதில் குற்றம் காண்பர். எனக்கோ இதில் பிடித்தது தந்தையின் பொறுமை. உறங்கிவிட்டு வந்தவனுக்கும் ஒப்பிய காசைக் கொடுத்தார். சொன்ன சொல் தவறாத தந்தை என்பதை மகன் முதலில் கற்றான். பாட்டு அதன்பின் வந்தது.

என் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது பிறந்த நாள் சில வாரம் பிந்தியிருந்தது. மாதத்தை மாற்றி எழுதுங்கள், ஓராண்டு மிச்சம் என்றனர் பக்கத்தில் நின்றோர். யான் மாட்டேன் என்றேன். அவளுக்கு ஓராண்டு போயிற்று. உடன் விளையாடியோர் ஒரு வகுப்பு மேலே இருக்க, தான் கீழே இருந்ததை அவள் வெகுநாள் பொறுக்கவில்லை. இன்று அவள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அவ்வோராண்டை இப்போதும் என்னிடம் கேட்கிறாள். யான் என் ஓய்வுச் சீட்டை எடுத்துக் காட்டுவேன். அது உங்கள் கணக்கு, இது என் கணக்கு என்பாள். அவள் சொல்வதும் நியாயமே.

ஆனி மாதம் மீண்டும் மலையேறினேன். அம்மையாரிடம், "சென்ற முறை விரைந்து பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி, மேலே எழுதியவற்றைச் சொன்னேன். ஓய்வு பெறும் நாள், பிடித்து வைத்திருக்கும் வைப்புநிதி, ஆண்டுக்கு 15 நாட்கூலி வீதம் வரும் பணிக்கொடை, கடைக்கடன், சீட்டுப் பாக்கி ஆகிய யாவற்றையும் மகளை எதிரில் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதுமாறு கேட்டுக்கொண்டேன். முப்பதாண்டு வேலைக்கு 450 நாட்கூலி. அதில் இறங்கும்போது வாடகை வீட்டுக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு என்று இருவருமாகப் பார்க்கட்டும். முடிவை மூன்றாண்டு முன்னதாக எடுக்கலாம், சாவி கொடுக்கும் நாளில் எடுக்க வேண்டியதில்லை.

"எல்லாவற்றையும் சொன்னால் பிள்ளை பயந்துபோகும் ஐயா" என்றார் அவர்.

"இப்போது பயப்படவில்லையா?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே சென்று தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். மகள் கூலிச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி உரக்கப் படிக்கத் தொடங்கினாள். வைப்புநிதிக்கு 12 விழுக்காடு பிடித்தம் சரியாக இருந்தது. அதன் கீழே வேறொரு சிறு தொகை மாதந்தோறும் கழிக்கப்பட்டிருந்தது. "இது எதற்கு அம்மா?" என்றாள். தாய்க்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்க வேண்டியது என்று தாளின் ஓரத்தில் அவள் எழுதிக்கொண்டாள்.